டின்னில் மிச்சமிருந்த சாவி

பச்சை விளக்கு எரிந்த பிறகும் சாலையைக் கடக்காமல் நின்ற ஒரு மனிதரை நான் முதன்முதலில் பார்த்தது சிங்கப்பூரின் சிராங்கூன் சாலையில்தான். மதிய நேரம். அலுவலகத்திலிருந்து சாப்பிடக் கிளம்பியவர்கள் எல்லாரும் பச்சை வந்ததும் பாய்ந்தார்கள். நான் அதற்கும் முன்பே பாய்ந்திருந்தேன். எதிர்ப்பக்கம் போய்த் திரும்பிப் பார்த்தால் அவர் இன்னும் அங்கேயே நிற்கிறார். வலது பக்கம் பார்க்கிறார், இடது பக்கம் பார்க்கிறார், மறுபடியும் வலது. நின்றிருந்த பேருந்தின் ஓட்டுநர் முகத்தை உற்றுப் பார்க்கிறார். விளக்கில் பச்சை மனித உருவம் கண்சிமிட்டத் தொடங்கியதும் ஓர் அடி பின்வாங்கிவிட்டார். அடுத்த பச்சையில்தான் வந்து சேர்ந்தார்.

"என்னண்ணே, எல்லாரும் வந்துட்டாங்க, நீங்க மட்டும் நின்னுட்டீங்க."

"பஸ் டிரைவர் கொட்டாவி விட்டாரும்மா."

சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. அதுதான் என்னைத் தூக்கிவாரிப் போட்டது. இந்த மனிதர் வேடிக்கைக்குச் சொல்லவில்லை, கொட்டாவிக்கு உண்மையிலேயே பயந்திருக்கிறார்.

அவர் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. அச்சில் தன் பெயரைப் பார்த்தால் அதற்கும் பயப்படுவார். அப்போது நான் உளவியல் பட்டம் வாங்கிய ஈரம் காயும் முன்பே, மின்தூக்கிகளைப் பழுதுபார்க்கும் ஒரு நிறுவனத்தின் மனிதவளப் பிரிவில் சேர்ந்திருந்தேன். தேக்கா சந்தைக்குப் பின்னால் ஒரு பழைய கடைவீட்டின் இரண்டாம் மாடியில் அலுவலகம். அவர் அங்கே ஒரு பழுதுபார்ப்புக் குழுவின் தற்காலிகத் தலைவர். தற்காலிகம் என்று சொல்லியே பல வருடங்களை ஓட்டியிருந்தார்கள். அந்தப் பதவியை நிரந்தரமாக்கும் நேரம் வந்தபோது மேனேஜர் என்னைக் கூப்பிட்டார். "உன் படிப்புக்கு வேலை வந்திருக்கிறது. யார் தலைவராகத் தகுதியானவர் என்று ஆளுமைச் சோதனை வைத்துச் சொல்" என்றார். மேனேஜர் பேசுவதெல்லாம் ஆங்கிலத்தில். தமிழில் எழுதினால் இப்படித்தான் வரும்.

எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. அறுபது கேள்விகளையும் நானே தமிழில் பெயர்த்தேன்.

போட்டியில் இருந்தது இரண்டே பேர். அவர் ஒருவர். இன்னொருவர் அதே குழுவில் இருந்த கதிர். கதிருக்கு முப்பத்து மூன்று வயது இருக்கும். அவன் அறைக்குள் நுழைந்தாலே அறை கொஞ்சம் வெளிச்சமாகும். எந்தக் கேள்விக்கும் அரை நொடியில் பதில். சோதனைத் தாளை ஏழு நிமிடத்தில் முடித்து நீட்டினான்.

"ஸ்கூல் டைம்ல இவ்ளோ ஈஸியா ஒரு எக்ஸாம் வந்திருந்தா நான் டாக்டராயிருப்பேன் மேடம்."

அவர் ஒன்றேகால் மணி நேரம் எடுத்துக்கொண்டார். நடுவில் தலையை நிமிர்த்தி, "உண்மையத்தானே போடணும்?" என்று கேட்டார். "ஆமாண்ணே." "எல்லாத்துக்குமா?" "எல்லாத்துக்கும்." பெருமூச்சு விட்டுக் குனிந்துகொண்டார். சட்டைப்பையில் இரண்டு பேனாக்கள் இருந்தன. ஒன்று நின்றுபோனால் இன்னொன்று வேண்டுமாம்.

தாளைத் திருத்த உட்கார்ந்தேன். 'நெருக்கடியில் நான் அமைதியாக இருப்பேன்' என்பதற்கு, ஒருபோதும் இல்லை. 'முடிவெடுத்த பின் நான் அதைப் பற்றிக் கவலைப்படுவதில்லை' என்பதற்கு, ஒருபோதும் இல்லை. 'சிறு விஷயங்களுக்கும் எனக்குப் படபடப்பு வரும்' என்பதற்கு, எப்போதும். அந்த 'எப்போதும்' என்ற கட்டத்தை இரண்டு முறை கோடிட்டு அழுத்தியிருந்தார். பதவிக்குப் போட்டி போடுகிறவர் யாராவது இப்படி எழுதுவார்களா? கணினியில் ஏற்றியதும் கதிரின் வரைபடம் முழுக்கப் பச்சை, இவருடையது முழுக்கச் சிவப்பு. பாடப்புத்தகத்தில்கூட இவ்வளவு சுத்தமான சிவப்பை நான் பார்த்ததில்லை.

இப்படிப்பட்ட பயத்துக்குப் பின்னால் ஏதாவது ஒரு பழைய காயம் இருக்க வேண்டும் என்று என் படிப்பு சொன்னது. கோப்பிக்கடையில் அவர் எதிரில் உட்கார்ந்து, பால் சேர்க்காத தே ஓ ஆறும்வரை பொறுத்திருந்து, மெதுவாகக் கேட்டேன்.

"அண்ணே, முன்னாடி எப்பவாவது ஆக்சிடென்ட் ஏதும் பாத்திருக்கீங்களா?"

"இல்லம்மா."

"வீட்டுல யாருக்காவது?"

"எல்லாரும் நல்லா இருக்காங்க."

"அப்புறம் ஏன் இவ்ளோ பயம்?"

தே ஓவை ஒரு வாய் உறிஞ்சினார். "பொறந்ததுலேர்ந்தே இருக்கும்மா. இடிக்குப் பயம், நாய்க்குப் பயம், என் வீட்டுக்காரிக்கும் கொஞ்சம் பயம். அதுக்கு என்ன செய்றது? கூட வெச்சுக்கிட்டே வேலையப் பாக்க வேண்டியதுதான்."

காயமும் இல்லை, கதையும் இல்லை. உயரம்போல, நிறம்போல அவருக்குப் பயம். நான் தயாராக வைத்திருந்த குறிப்பேட்டை மூடிவிட்டேன்.

அந்த டின்னைப் பற்றிச் சொல்ல வேண்டும். பிஸ்கட் வைக்கும் வட்டமான நீல டின், மூடியில் வண்ணம் உரிந்துபோனது. மின்தூக்கியின் அடியில் இருக்கும் குழிக்குள்ளோ ஆட்கள் ஏறும் கூண்டின் மேலேயோ யாராவது போவதற்கு முன்னால், அவர் எல்லாரிடமும் வீட்டுச் சாவியை வாங்கி அதில் போட்டுக்கொள்வார். அதை எடுத்துக்கொண்டு உச்சி மாடியில் இயந்திர அறைக்குப் போவார், மெயின் சுவிட்சை அணைத்துப் பூட்டுவார், பக்கத்தில் நாற்காலி போட்டு டின்னை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். வேலை முடிந்ததும் ஒவ்வொருவரும் பக்கத்து மின்தூக்கியில் ஏறி அவரிடம் போய்த் தன் சாவியைத் தன் கையால் எடுக்க வேண்டும். வாக்கி-டாக்கியில் "நான் வெளிய வந்துட்டேன்" என்று சொன்னால் செல்லாது. டின் காலியானால்தான் சுவிட்ச்.

கம்பெனி கொடுத்த பூட்டும் எச்சரிக்கை அட்டையும் இருக்கும்போது இது எதற்கு என்று கேட்டேன்.

"கம்பெனிப் பூட்ட மறந்து விட்டுட்டுப் போயிருவான்மா. அடுத்தவன் எடுத்துருவான். வீட்டுச் சாவி இல்லாம எவனாவது வீட்டுக்குப் போவானா?"

குழுவில் பட்டுக்கோட்டைப் பக்கத்து ஆட்கள் இரண்டு பேர், விடுதியில் தங்கியிருப்பவர்கள். வீட்டுச் சாவி இல்லை என்பதால் லாக்கர் சாவியைப் போடுவார்கள். அதில் முருகேசன் என்பவர் ஒவ்வொரு முறையும் சொல்வார்: "அண்ணே, லாக்கர்ல ஊறுகா பாட்டில் இருக்கு. எத்தன துண்டு இருக்குன்னு எனக்குத் தெரியும்." கதிர் வீட்டில் எண் பூட்டு, சாவியே கிடையாது. தப்பித்தேன் என்று நினைத்தானாம். "அப்ப ஃபோனைக் குடு" என்று கைநீட்டிவிட்டார்.

இதனால் ஒவ்வொரு வேலையும் தாமதம். குடியிருப்பாளர்கள் எழுதும் புகார்கள் என் மேசைக்கு வரும். பழுது சரியாகி அரை மணி நேரம் ஆகியும் உங்கள் ஆள் ஒரு பிஸ்கட் டின்னைத் திறந்து திறந்து பார்த்துக்கொண்டிருந்தார் என்று உச்சி மாடிக்காரர் ஒருவர் எழுதியிருந்தார். கதிருக்கும் எரிச்சல். "லீடர்னா முன்னால நிக்கணும் மேடம். இவரு மொட்டமாடி பக்கத்துல போய் உக்காந்துக்கிறாரு. கீழ யாரு பாக்குறது?" நியாயமான கேள்வி. அடிக்கோடிட்டு எழுதிக்கொண்டேன்.

என் அறிக்கையில் ஒரு பகுதி மட்டும் மிச்சம் இருந்தது. பணியிடத்துக்கு நேரில் போய்க் கண்டதை எழுத வேண்டும். எனக்குத்தான் எதையும் முடித்துவிட வேண்டும் என்று அவசரமாயிற்றே. என்ன காணப்போகிறேன் என்பது முன்பே தெரிந்த மாதிரி அந்தப் பகுதியையும் எழுதி, காலை ஒன்பது மணிக்கு மேனேஜருக்கு அனுப்பிவிட்டு, பத்து மணிக்குத்தான் பிடோக்கில் அவர்கள் வேலை செய்யும் அடுக்குமாடிப் புளோக்குக்குப் போய்ச் சேர்ந்தேன். 'இவர் தலைமைக்கு ஏற்றவர் அல்லர்.' அதுதான் கடைசி வரி. இதை இப்போது எழுதும்போதும் எனக்குக் காது சூடாகிறது.

முந்தைய நாள் பெய்த மழையில் குழிக்குள் தண்ணீர் இறங்கியிருந்தது. அதை இறைத்துச் சுத்தம் செய்வதுதான் வேலை. நான் மஞ்சள் தடுப்புக்குப் பக்கத்தில் போனதும் டின் என் முன்னால் வந்தது.

"சாவி குடும்மா."

"நான் இறங்கப் போறதில்லையேண்ணே."

"இறங்க மாட்டீங்க. ஆனா பக்கத்துல நிப்பீங்கள்ல? கரண்ட் வந்தா லிஃப்ட்டு முதல்ல கீழதான் வரும்மா."

கதிர் அவருக்குப் பின்னால் நின்று கண்ணடித்தான். ஈசூனில் எங்கள் வீட்டுச் சாவி, மஞ்சள் ரப்பர் வாத்து தொங்குவது. சிரித்துக்கொண்டே போட்டேன். அவர் அந்த வாத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு மூடியை அழுத்தி மூடினார்.

ஒன்றரை மணி நேரத்தில் வேலை முடிந்தது. முருகேசனும் மற்றவரும் மேலே போனார்கள். கதிர் பம்பைத் தூக்கிக்கொண்டு வேனுக்குப் போனான். தரைத்தளக் கதவு திறந்தே இருந்தது. ஏணியும் குழிக்குள் அப்படியே நின்றது. ஆள் யாரும் இல்லை. காலையில் அனுப்பிவிட்ட அறிக்கைக்குப் பின்னிணைப்பாக ஒரு புகைப்படம் இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று தோன்றியது. தோன்றியதும் தடுப்பைத் தாண்டி இறங்கிவிட்டேன். அது ஓர் ஆள் உயரக் குழி. கைப்பேசியைத் தூக்கிப் பிடித்தேன், வழுக்கியது, மூலையில் தேங்கியிருந்த தண்ணீரில் விழுந்து அணைந்தது. குனிந்து துழாவிக்கொண்டிருந்தபோது கதிர் திரும்பி வரும் காலடி கேட்டது.

அப்போது நான் செய்ததைத்தான் இன்றுவரை என்னால் நம்ப முடியவில்லை. வாயைத் திறக்கவில்லை. மனிதவளப் பிரிவிலிருந்து வந்தவள், இறங்க மாட்டேன் என்று சொன்னவள், சேற்றில் உட்கார்ந்திருப்பதைக் கதிர் பார்த்தால் அலுவலகம் முழுவதும் சிரிக்குமே. அவன் போகட்டும், பிறகு ஏறிக்கொள்ளலாம் என்று மூலையில் ஒடுங்கினேன். ஏணி மேலே போனது. கதவு மூடியது. இருட்டு.

பிறகுதான் கத்தினேன். வெளியே புல்வெட்டும் இயந்திரம் அலறிக்கொண்டிருந்தது. எக்கி நின்று கதவின் அடிப்பகுதியைக் கையால் அடித்தேன். கூண்டு இறங்கும்போது மூலையில் படுத்துக்கொண்டால் ஒருவேளை பிழைக்கலாம், நிமிர்ந்து நின்றால் வழியில்லை என்பதெல்லாம் பின்னால் தெரிந்துகொண்டது. நான் நிமிர்ந்துதான் நின்றேன். தலைக்கு மேலே எங்கோ கூண்டின் அடிப்பாகம் இருந்தது. அதிலிருந்து ஒரு சொட்டு எண்ணெய் என் நெற்றியில் விழுந்தது.

மேலே நடந்ததைக் கதிர் பிற்பாடு என்னிடம் சொன்னான். மற்ற இருவரும் சாவியை எடுத்துக்கொண்டார்கள். இவன் போய் ஃபோனை எடுத்துக்கொண்டான். டின்னில் மஞ்சள் வாத்து மட்டும் கிடந்தது.

"அது மேடத்தோடது லா அண்ணே. அவங்க போய்ட்டாங்க. கீழ ஆளே இல்ல. நான் ஆபீஸ்ல குடுத்துர்றேன், நீங்க சுவிட்சப் போடுங்க."

"போறத நீ பாத்தியா?"

"பாக்கல. ஆனா இல்ல."

"வீட்டுச் சாவி இல்லாம எப்படிப் போவாங்க?"

"மறந்துருப்பாங்க. அண்ணே, ஆறாவது மாடில ஒரு பாட்டி வீல்சேர்ல வெய்ட் பண்றாங்க. கம்ப்ளெய்ன்ட் வரும். நான் போடவா?"

கதிரின் கை சுவிட்ச் வரைக்கும் போனதாம். அவர் எழுந்து, சுவிட்சுக்கு முன்னால், முதுகைப் பெட்டியில் சாய்த்துக்கொண்டு நின்றாராம். முகமெல்லாம் வியர்வை. "எனக்குப் பயமா இருக்கு கதிர். நான் கீழ போய்ப் பாத்துட்டு வரேன். நீயும் என்கூட வா. இங்க யாரும் இருக்கக்கூடாது." அறையைப் பூட்டி, அந்தச் சாவியையும் டின்னில் போட்டுக்கொண்டு இறங்கினார்.

கதவு விலகியபோது முதலில் ஒரு வெளிச்சக் கீற்று தெரிந்தது, பிறகு அவர் முகம். எனக்குத் தெரிந்த எந்த மேலாளரும் அந்த நேரத்தில் கத்தியிருப்பார். அவர் "ஏணி" என்று மட்டும் சொன்னார், அதுவும் முழுதாக வரவில்லை. கதிர் ஏணியை இறக்கினான். நான் மேலே வந்ததும் அவர் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். மடியில் டின்னுக்குள் சாவிகள் கிலுகிலுத்தன. டின்னை நீட்டினார்.

"சாவிய எடுத்துக்கம்மா."

எடுத்தேன். டின்னுக்குள் மறுபடியும் பார்த்தார். இயந்திர அறைச் சாவியையும் எடுத்துக்கொண்டு, காலி டின்னைக் கவிழ்த்துத் தட்டிவிட்டு, அதற்குப் பிறகுதான் எழுந்தார்.

அன்று பிற்பகல் அலுவலகத்தில் விபத்துப் படிவத்தை எடுத்து வைத்துக்கொண்டு எழுத உட்கார்ந்தார். நான் அவர் பேனாவைப் பிடித்துக்கொண்டேன்.

"அண்ணே, எழுதாதீங்க. யாருக்கும் ஒண்ணும் ஆகல. இந்த வாரம்தான் போஸ்ட்டு முடிவாகுது. இதப் பாத்தா உங்களுக்குக் குடுக்க மாட்டாங்க."

"தெரியும்மா. ரொம்ப வருஷமா அந்த 'தற்காலிகம்'ங்கிற வார்த்தை போகணும்னு எனக்கும் ஆசைதான். வீட்டுக்காரியும் கேட்டுக்கிட்டே இருக்கா." சட்டைப்பையிலிருந்து இன்னொரு பேனாவை எடுத்தார். "ஆனா எழுதலன்னா, நாளைக்கு இன்னொருத்தர் இப்படியே இறங்குவாங்க. ராத்திரி தூக்கம் வராது."

எழுதினார். 'நான் மேலே இருந்தேன், கீழே கதவருகில் ஆள் நிறுத்தவில்லை, அது என் தவறு.' அடுத்த வரியில் என் பெயரும் பதவியும் இருந்தன. நான் திகைத்துப்போனேன். என்னைக் காப்பாற்றியவர் என் பெயரை விட்டுவிடுவார் என்று எப்படியோ நம்பியிருந்தேன்.

"என் பேரையுமா?"

"பொய் எழுத எனக்குப் பயம்மா."

எனக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. அதைப் பற்றிச் சொல்ல எதுவும் இல்லை. ஆனால் குழிக்குள் இறங்கிய அன்று மாலையே இரண்டாவது அறிக்கை ஒன்றை எழுதிக்கொண்டு மேனேஜர் அறைக்குப் போனேன். முதல் அறிக்கை தவறு, நேரில் பார்க்காமலே எழுதினேன், அந்த மனிதரின் பயம்தான் அந்தக் குழுவின் காவல், அவரிடம் இத்தனை வருடம் வேலை செய்தவர்களில் ஒருவருக்கும் ஒரு விரல்கூட நசுங்கியதில்லை என்று மூச்சுவிடாமல் சொன்னேன்.

மேனேஜர் கெட்டவர் அல்லர். முழுவதையும் கேட்டார். பிறகு என் முதல் அறிக்கையைத் திரையில் திறந்தார்.

"கீழே ஆள் நிறுத்தாதது அவர் தவறு என்று அவரே எழுதியிருக்கிறார். அவர் தலைமைக்கு ஏற்றவர் அல்லர் என்று நீ எழுதியிருக்கிறாய். இரண்டும் ஒன்றுக்கொன்று பொருந்துகின்றன."

"அது நான் பார்க்காமல் எழுதியது."

"அதனால்தான் அதை நம்புகிறேன். இப்போது நீ பார்த்துவிட்டாய். உணர்ச்சிவசப்பட்டிருக்கிறாய்."

அறைக் கதவைத் திறந்து வெளியே வந்து, படியில் உட்கார்ந்தேன். என் சொந்த வாக்கியம் என்னைத் திரும்பிப் பார்த்தது.

பதவி கதிருக்குப் போனது. அவர் அதே குழுவில் சாதாரணத் தொழில்நுட்பராகத் தொடர்ந்தார். கோபப்பட்டதாகத் தெரியவில்லை. "ஒரு பக்கம் நிம்மதிதான்மா" என்றார், பிறகு உடனே, "இன்னொரு பக்கம் இல்ல" என்றார். அதுவும் உண்மைதான்.

கதிர் பொறுப்பேற்ற முதல் வேலை உட்லண்ட்ஸில். என்னைப் போகும்படி யாரும் சொல்லவில்லை. விடுப்பு எடுத்துக்கொண்டு போனேன். கதிர் அந்த டின்னை முதல் நாளே குப்பையில் போட்டிருப்பான் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அதைப் பார்த்துத் தொலைக்க வேண்டும் என்றுதான் போனேன்.

புளோக்கின் கீழ்த்தளத்தில், மஞ்சள் தடுப்புக்கு இந்தப் பக்கமே, ஒரு தூணுக்கு அருகில் நின்றேன். கதவருகில் காவலுக்குப் புதிதாக ஓர் ஆள். அவன் பக்கத்தில், மேலே சுவிட்சை அணைத்துப் பூட்டிவிட்டு இறங்கி வந்திருந்த கதிர், கையில் நீல டின். முருகேசன் லாக்கர் சாவியைப் போட்டு ஊறுகாய்க் கணக்கைச் சொன்னார். கதிர் சிரிக்கவில்லை. காவலுக்கு நின்றவனிடமும் சாவியை வாங்கினான். தன் ஃபோனையும் தானே உள்ளே போட்டான். கடைசியாக அவர் வந்தார். தலைக்கவசத்தின் வாரை இரண்டு முறை இழுத்துப் பார்த்துவிட்டு, தன் வீட்டுச் சாவியை எடுத்தார். அந்தச் சாவி அதற்கு முன் ஒருமுறைகூட அந்த டின்னுக்குள் போனதில்லை.

கதிர் பழைய மாதிரி பேச முயன்றான். "அண்ணே, இனி பயப்படுறது என் டிபார்ட்மென்ட். நீங்க ஜாலியா இறங்குங்க லா."

"மூடிய நல்லா அழுத்து" என்றார் அவர்.

ஏணியில் முதல் படியில் கால் வைத்துவிட்டு, மேலே கூண்டு இருக்கும் திசையைப் பார்த்தார். வலது பக்கம் பார்த்தார், இடது பக்கம் பார்த்தார். பிறகு இறங்கினார். தலை மறைந்தது.

அறுபது கேள்விக்கும் பச்சை வாங்கிய கதிர், சுவிட்சுக்குக் காவலாக மறுபடியும் இயந்திர அறைக்குப் போக என்னைத் தாண்டி நடந்தான். என்னைப் பார்க்கவில்லை. டின்னை இரண்டு கையாலும் நெஞ்சோடு அணைத்துப் பிடித்திருந்தான். மூடி நன்றாக அழுத்தித்தான் மூடப்பட்டிருந்தது. இருந்தும் உள்ளே சாவிகள் விடாமல் கிலுகிலுத்துக்கொண்டே போயின.